எறும்பை விடுங்க, முதல்ல அந்த பாட்டிலைக் கீழ வைங்க

முதல்லயே சொல்லிடறேன், இது கோபத்துல எழுதற பதிவு. நாலு மாசம் ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறலை. அதனால எழுதிட்டு ஆறிக்கறேன்.

எங்க குடியிருப்பு சாந்தோம்ல, ஹைரோட்டுலேர்ந்து உள்ள தள்ளி. உப்புக் காத்துல ஜன்னல் கம்பி துருப்பிடிச்சுக் கொட்டும். ஆனா செம்பருத்தியும் முருங்கையும் பப்பாளியும் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி தழைக்கும். கீழ காம்பவுண்டு ஓரமா பொதுச் செடிகள், மொட்டை மாடியில ஆளாளுக்கு நாலு தொட்டி. கத்திரி வெயில் ஆரம்பிச்சதும் கீழ இருந்த செம்பருத்தில வெள்ளை வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி வந்துச்சு. மாவுப்பூச்சி. தண்டு முழுக்க எறும்பு வரிசை வேற. மொட்டெல்லாம் உதிர ஆரம்பிச்சதும் கீழ் வீட்டு மாமி அசோசியேஷன்ல புகார் வெச்சாங்க. பூஜைக்குப் பூ இல்லை, நியாயமான புகார்தான்.

அசோசியேஷன் என்ன பண்ணுச்சு தெரியுமா? ஒருத்தர் போய் எங்கயோ ஒரு கடையில "எறும்புக்கும் வெள்ளைப் பூச்சிக்கும் மருந்து" கேட்டு வாங்கிட்டு வந்தார். பெரிய கேன்லேர்ந்து ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல ஊத்திக் குடுத்திருக்காங்க. லேபிள் கிடையாது. அளவு கிடையாது. "ஒரு மூடி, ஒரு பக்கெட்" அவ்வளவுதான் டோசேஜ். அதை யார் அடிக்கறது? வாட்ச்மேன் அண்ணன்தான். கையில உறை இல்லை, மூக்குல துணி இல்லை, கடல் காத்து எதிர்ல. அரை மணி நேரம் அடிச்சார். அன்னைக்கு சாயந்திரமே வாந்தி, வேர்த்துக் கொட்டுது, கண்ணு மங்குது, எச்சில் ஒழுகுது. ஆட்டோல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?"

நாங்க நாலு பேர் நின்னோம். நாலு பேரும் டிகிரி வாங்கினவங்க. ஒருத்தருக்கும் பதில் தெரியலை. பாட்டிலைக் காட்டினோம். டாக்டர் பாட்டிலைப் பார்த்துட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கே, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அறிகுறிகளை வெச்சு அவரே ஊகிச்சு அட்ரோபின் போட்டு, மூணு நாள் படுக்க வெச்சு அனுப்பினாங்க. அண்ணன் பிழைச்சுட்டார். செம்பருத்தி? மூணு வாரத்துல முன்னைவிட அதிகமா வெள்ளை பூத்துது.

இதுதான் என்னை எழுத வெச்ச விஷயம். ஒரு மனுஷன் உயிரைப் பணயம் வெச்சு நாம வாங்கினது என்ன? முன்னைவிட அதிகப் பூச்சி. இது துரதிர்ஷ்டம் இல்லைங்க. அந்த மருந்தை அடிச்சா அதுதான் நடக்கும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

மாவுப்பூச்சி, அசுவினி, செதில்பூச்சி இதெல்லாம் ஒரே தொழில் பண்ற ஆளுங்க. ஊசி மாதிரி வாயைச் செடிக்குள்ள இறக்கி, இலையில தயாரான சர்க்கரை ஓடற குழாயிலேர்ந்து சாறு உறிஞ்சும். அந்தச் சாறுல சர்க்கரை ஏராளம், புரதத்துக்கான சத்து ரொம்பக் கம்மி. அந்தக் கம்மியான சத்து கிடைக்கணும்னா சாறை நிறையக் குடிச்சாகணும். குடிச்சா சர்க்கரை மிஞ்சும். அதைப் பின்பக்கமா சொட்டுச் சொட்டா வெளிய தள்ளிடும். அதுதான் செடியில பிசுபிசுன்னு நம்ம கையில ஒட்டற தேன் கழிவு. அது இலை மேல விழுந்தா கரும்பூசணம் பிடிக்கும். "இலைமேல கரி அப்பியிருக்கு, வண்டிப் புகை போல"ன்னு ஒருத்தர் மாடியில சொல்லிட்டிருந்தார். புகை இல்லை சார், அது மேல் கிளையில இருக்கற பூச்சியோட உபயம்.

நமக்குக் கழிவு, எறும்புக்கு அது பாயசம். எறும்பு தன் உணர்கொம்பால பூச்சியோட முதுகைத் தட்டும், பூச்சி ஒரு சொட்டு விடும், எறும்பு உறிஞ்சிக்கும். பசு மாட்டை மடி தடவிக் கறக்கற மாதிரிதான். சார்லஸ் டார்வின் 1859-ல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்துல இதைப் பத்தி எழுதியிருக்கார். ஒரு செடியில பத்துப் பன்னிரண்டு அசுவினி இருந்த இடத்துலேர்ந்து எறும்பையெல்லாம் விரட்டிட்டு, மணிக்கணக்கா காத்திருந்து, ஒரு மயிரிழையை வெச்சு எறும்பு மாதிரியே தடவிப் பார்த்தார். ஒண்ணுகூட சொட்டு விடலை. அப்புறம் ஒரே ஒரு எறும்பை உள்ள விட்டார். அது தொட்டதும் வரிசையா வயித்தைத் தூக்கிச் சொட்டு விட்டுச்சாம். உலகத்தையே புரட்டிப் போட்ட மனுஷன் மயிரிழையால அசுவினிக்குக் கிச்சுகிச்சு மூட்டிட்டு இருந்திருக்கார். :-) நம்ம ஆளுங்களுக்கு ஒரு பூதக்கண்ணாடி எடுத்து அஞ்சு நிமிஷம் பார்க்கப் பொறுமை இல்லை, நேரா பாட்டில்தான்.

சரி, இதுல செடிக்கு என்ன நஷ்டம்? எறும்பு வெறும் பால்காரனா மட்டும் இருந்தா பரவாயில்லை. அது ஏரியா தாதாவும்கூட. மாமூல் வாங்கற இடத்துக்குப் பாதுகாப்பு குடுக்கும். மாவுப்பூச்சியைத் தின்ன பொறிவண்டு வரும், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியோட புழு வரும், அதுக்குள்ள முட்டை வைக்க நம்ம கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குளவி வரும். எறும்பு எல்லாத்தையும் கடிச்சு விரட்டும். தேன் கழிவை உடனுக்குடனே சுத்தம் பண்றதால பூச்சிக் குஞ்சுங்க அதுல ஒட்டிச் சாகாம பிழைக்கும். சில எறும்புங்க குஞ்சுகளைத் தூக்கிட்டுப் போய்ப் புதுக் கிளையில விடறதும் உண்டு.

இதை ஏதோ தத்துவம்னு நினைக்காதீங்க. ஹவாய் தீவுகள்ல அன்னாசித் தோட்டங்களை வாடல் நோய் காலி பண்ணிட்டிருந்தது. நோயோட சம்பந்தப்பட்டது ஒரு மாவுப்பூச்சி. அதைக் காவல் காத்தது ஒரு பெரிய தலை எறும்பு. எறும்பைக் கட்டுப்படுத்தின தோட்டங்கள்ல மாவுப்பூச்சி தானா சரிஞ்சுது, நோயும் கூடவே சரிஞ்சுது. பாதுகாப்புப் போனதும் பூச்சியோட எதிரிங்க அவங்க வேலையைப் பார்த்துட்டாங்க.

இந்த இடத்துல ரெண்டு கட்சி கிளம்பும். ரெண்டு கட்சியோடவும் எனக்குச் சண்டை இருக்கு.

முதல் கட்சி, "அப்போ எறும்பைக் கொல்லணும்ங்கறீங்க, அதைத்தானே நாங்க பண்ணோம்?" இல்லை. நீங்க பண்ணது எல்லாத்தையும் கொன்னது. அந்த பாட்டில் மருந்து எறும்பைக் கொல்லும், பொறிவண்டைக் கொல்லும், குளவியைக் கொல்லும். மாவுப்பூச்சியை மட்டும் முழுசா கொல்லாது. ஏன்னா அது மேல மெழுகுப் பொடி. தண்ணில கலந்த மருந்து மெழுகு மேல நிக்காது, உருண்டு ஓடிடும். முட்டைங்க பஞ்சு மூட்டைக்குள்ள பத்திரமா இருக்கும். மூணு வாரம் கழிச்சு குஞ்சு பொரிச்சு வெளிய வரும்போது அதைத் தின்ன ஊர்ல ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க. எறும்பு என்னமோ புத்துலேர்ந்து புதுசா கிளம்பி வந்துடும். நீங்க கொன்னது வேலைக்கு வந்ததை மட்டும்தான், ராணி உள்ள ஜம்முனு இருக்கு. ஆக போலீஸைச் சுட்டுட்டு திருடனுக்குக் கதவைத் திறந்து வெச்சிருக்கீங்க.

அமெரிக்காவுல தாஹோ ஏரிப் பக்கம் 1960களின் கடைசியில கொசுவுக்குப் புகை மருந்து அடிச்ச இடங்கள்ல பைன் மரத்துல செதில்பூச்சி பெருகிப் போச்சு. புகையை நிறுத்தினதும் அது தானா அடங்கிச்சு. கொசுவுக்கு அடிச்ச மருந்து, செதில்பூச்சியோட எதிரிங்களைச் சாகடிச்சதுதான் காரணம். நம்ம தெருவுலயும் புகை வண்டி வர்றப்ப நான் இதைத்தான் நினைச்சுக்கறேன்.

இரண்டாவது கட்சி, "பிள்ளையார் எறும்பு, பாவம், கடிக்கக்கூட கடிக்காது, அது பாட்டுக்கு இருக்கட்டும்." மாமியோட கட்சி இது. அரிசி மாவுல கோலம் போடறதே எறும்புக்கு அன்னமிடத்தான்னு சொல்ற வீடு. அந்த மனசுக்கு நான் தலை வணங்கறேன், நிஜமா. ஆனா மாமி, ஒண்ணு கேளுங்க. பழனி பஞ்சாமிர்தம் வேணும்ல? அதுக்கு விருப்பாச்சி மலைவாழை வேணும். கீழ்ப்பழனி மலையில அந்த வாழை கொடிகட்டிப் பறந்த காலம் ஒண்ணு உண்டு. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிச்சுது. அந்த வைரஸைக் கன்னுக்குக் கன்னு கொண்டு போறது வாழை அசுவினி. அந்த அசுவினியைச் சுத்தி எப்பவும் எறும்புதான். வாழை மட்டையைப் பிரிச்சுப் பாருங்க, இடுக்குல பழுப்பா அசுவினிக் கூட்டமும் எறும்பும் சேர்ந்தே இருக்கும். எறும்பு மேல பாவப்படுங்க, தப்பில்லை. ஆனா செடி மேல அது ஏன் ஏறுதுன்னும் தெரிஞ்சுக்கிட்டுப் பாவப்படுங்க.

இன்னொண்ணும் சொல்லிடணும், எறும்பை முழு வில்லனா ஆக்கறதும் பொய். மண்ணைக் கிளறுது, செத்த பூச்சியெல்லாம் சுத்தம் பண்ணுது, புழு பிடிக்குது. மாமரத்துல இலையைத் தைச்சுக் கூடு கட்டற முசுறு எறும்பைச் சீனாவுல பல நூற்றாண்டுகளாவே ஆரஞ்சுத் தோப்புல காவலுக்கு விட்டிருக்காங்க. கூட்டை விலைக்கு வாங்கி மரத்துல கட்டுவாங்களாம். முந்திரித் தோப்புலயும் தேயிலைக் கொசுவை முசுறு விரட்டுது. ஆனா அதே முசுறு தன் கூட்டுக்குள்ளயே செதில்பூச்சியையும் மாவுப்பூச்சியையும் வெச்சு வளர்க்கும். ஆக எறும்பு நல்லதா கெட்டதான்னு கேக்கறதே தப்பான கேள்வி. எந்த எறும்பு, எந்தச் செடி, என்ன பூச்சின்னு கேக்கணும். கேள்வியே தப்பா இருந்தா பதில் பாட்டில்லதான் வரும்.

இப்ப நம்ம ஊர்க் கதைக்கு வரேன். இது தெரியாம மாவுப்பூச்சியைப் பத்தி யாரும் பேசக்கூடாதுன்னு சட்டமே போடலாம்.

2008-ல் கோயம்புத்தூர்ல பப்பாளியில ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டுது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் சரக்கு. அங்க அதுக்கு எதிரிங்க உண்டு, அதனால அடங்கி இருக்கும். இங்க எதிரியே இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, காட்டாமணக்கு, ஏன், பார்த்தீனியம் களைச்செடி வரைக்கும் ஏறிடுச்சு. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் தோட்டங்கள் வெள்ளையடிச்ச மாதிரி ஆச்சு. விவசாயிங்க மாத்தி மாத்தி மருந்து அடிச்சாங்க. அடிக்க அடிக்கப் பூச்சி திரும்பி வந்துச்சு. மல்பெரிக்காரங்க நிலைமை இன்னும் மோசம். இலையில மருந்து அடிச்சா அதைத் தின்னற பட்டுப்புழு செத்துடும், அடிக்கலைன்னா இலையே இருக்காது. பல பேர் செடியைப் பிடுங்கிப் போட்டாங்க.

எது முடிச்சு வெச்சுது தெரியுமா? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவி. பேர் அசிரோஃபேகஸ் பப்பாயே. பெங்களூர்ல இருக்கற வேளாண் பூச்சிகளுக்கான தேசியப் பணியகம் அமெரிக்க வேளாண் துறை மூலமா போர்ட்டோ ரிக்கோவிலேர்ந்து 2010-ல் மூணு வகைக் குளவி வரவழைச்சுது. சோதிச்சுப் பார்த்துட்டு, அக்டோபர்ல கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சு ஊர் ஊரா விட்டாங்க. குளவி மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு உள்ளயிருந்து தின்னுட்டு வெளிய வரும். சில மாசத்துல தோட்டங்கள் திரும்பப் பச்சையாச்சு. விவசாயி அதுக்குப் பைசா குடுக்கலை. அது தானா பெருகி, தானா பறந்து, தானா தேடிப் போய் வேலை பார்த்துது. அந்தச் சமயத்துல அதிகாரிங்க விவசாயிங்ககிட்ட கெஞ்சின ஒரே விஷயம்: "தயவுசெஞ்சு மருந்து அடிக்காதீங்க, குளவி செத்துடும்."

கதை அத்தோட முடியலை. 2020-ல் கேரளாவுல திருச்சூர்ல மரவள்ளி மாவுப்பூச்சி வந்துச்சு, நம்ம சேலம் நாமக்கல் மரவள்ளிக்கும் பரவிடுச்சு. ஜவ்வரிசிக்கே ஆபத்து. ஆப்பிரிக்காவுல இதே பூச்சியை 1980கள்ல ஒரு குளவிதான் அடக்கிச்சு. அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசே குடுத்தாங்க. அதே குளவியை ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுலேர்ந்து வரவழைச்சு 2022 மார்ச்ல சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல விட்டாங்க. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 1928-ல் ஊட்டி வாட்டில் மரங்கள்ல ஒரு செதில்பூச்சி வந்தப்பவும் பொறிவண்டை இறக்கித்தான் அடக்கினாங்க. ஆக நூறு வருஷமா நம்ம மாநிலத்துல பதில் இருக்கு. நம்ம காம்பவுண்டுக்குள்ள மட்டும் அது வரலை.

எறும்பைக் கொல்றதுலயே கண்ணா இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கும் ஒரு கதை உண்டு. இந்தியப் பெருங்கடல்ல கிறிஸ்துமஸ் தீவு. மஞ்சள் பைத்திய எறும்புன்னு ஒண்ணு அங்க வந்து சேர்ந்து, காட்டு மரங்கள்ல ஒரு அரக்குப் பூச்சியோட கூட்டணி வெச்சு, அது குடுத்த இனிப்பைத் தின்னு பெருத்து, ஒரு கோடிக்கும் மேல சிவப்பு நண்டுகளைக் கொன்னுடுச்சு. 2002-ல் ஹெலிகாப்டர்லேர்ந்து விஷ இரை போட்டாங்க. குறைஞ்சுது, திரும்ப வந்துச்சு. திரும்பப் போட்டாங்க, திரும்ப வந்துச்சு. கடைசியில 2016 டிசம்பர்ல வேற வழி எடுத்தாங்க. எறும்பை விட்டுட்டு, அரக்குப் பூச்சியைத் தாக்கற ஒரு குட்டிக் குளவியை மலேசியாவுலேர்ந்து கொண்டு வந்து விட்டாங்க. சாப்பாட்டை நிறுத்து, தாதா தானா ஊரைக் காலி பண்ணுவான்ங்கற கணக்கு. அதே மஞ்சள் எறும்புதான் 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவார கிராமங்கள்ல ஆடு மாட்டையெல்லாம் படுத்தி எடுத்தது. அது ஏதோ தூர தேசத்துக் கதைன்னு நினைச்சா ஏமாந்துடுவோம்.

இதெல்லாம் சொன்னா அசோசியேஷன் மீட்டிங்ல வர்ற ஒரே பதில்: "அதெல்லாம் பெரிய தோட்டத்துக்கு சார், நாலு தொட்டிக்கு ஏன் இவ்வளவு?"

நான் திருப்பிக் கேக்கறேன், நாலு தொட்டிக்கு ஏன் ஒரு மனுஷனை ஐ.சி.யூ வாசல் வரைக்கும் அனுப்பணும்?

நாலு தொட்டிக்குத்தான் இது இன்னும் சுலபம். நான் பண்ணதைச் சொல்றேன். எறும்பு செடியில ஏற ஒரே வழி தண்டு. தண்டைச் சுத்தி ஒரு துணியோ டேப்போ கட்டி, அது மேல கிரீஸ் தடவினேன். (நேரா தண்டுல தடவாதீங்க, பட்டை வெந்துடும்.) சுவரைத் தொட்டுக்கிட்டிருந்த கிளைகளை வெட்டினேன், இல்லைன்னா அதுவே பாலம். தொட்டியைத் தண்ணித் தட்டுல வைக்கலாம், ஆனா தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒரு தரம் கொட்டி மாத்தணும், இல்லைன்னா டெங்கு கொசுவுக்கு வாடகைக்கு விட்ட மாதிரி ஆயிடும். ரொம்ப மோசமான கிளையை வெட்டிப் பையில கட்டிப் போட்டேன். மத்ததைக் குழாய்த் தண்ணியால பீச்சி அடிச்சுக் கழுவினேன். யூரியாவை நிறுத்தினேன். தழைச்சத்து கூடக்கூடச் சாறு உறிஞ்சறவங்களுக்குக் கொண்டாட்டம். அவ்வளவுதான். வேப்பெண்ணெய் வியாபாரிங்களும் கோவிச்சுக்காதீங்க. எறும்பு ஏணி போட்டு ஏறிட்டிருக்கற வரைக்கும் உங்க எண்ணெயும் வாரா வாரம் வாங்கற செலவுதான்.

அப்புறம் காத்திருந்தேன். இதுதான் கஷ்டமான பகுதி. மூணாவது வாரம் மாவுப்பூச்சிக்கு நடுவுல பெரிய சைஸ்ல, வெள்ளை ஜடை ஜடையா ஒரு புழு நகர்ந்துட்டிருந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி இதையே "ராட்சஸ மாவுப்பூச்சி"ன்னு நினைச்சுப் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் கொன்னவன் நான். வெக்கத்தோட ஒத்துக்கறேன். அது கிரிப்டோலீமஸ் பொறிவண்டோட புழு. 1898-ல் காப்பித் தோட்டத்துச் செதில்பூச்சிக்காக ஆஸ்திரேலியாவுலேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டு வந்த வண்டு. எறும்பை ஏமாத்த அது மாவுப்பூச்சி வேஷம் போட்டிருக்கு. எறும்பு ஏமாந்துச்சோ இல்லையோ, நான் ஏமாந்தேன்.

அதுக்கு அடுத்த வாரம் இலைக்கு அடியில அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு கூட்டுப்புழு. திருப்பிப் பார்த்தா அசல் குரங்கு மூஞ்சி! மாவுப்பூச்சியைத் தின்னு வளர்ற ஒரு பட்டாம்பூச்சி, ஸ்பால்கிஸ் எபியஸ். பட்டாம்பூச்சிப் புழுன்னா இலைதான் தின்னும்னு ஸ்கூல்ல படிச்ச எனக்கு, மாமிசம் தின்னற பட்டாம்பூச்சி சாந்தோம் மொட்டை மாடியில காட்சி குடுத்தது. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆஞ்சநேயர் மாதிரி இருக்குடா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. இப்ப மாமி என் கட்சி. கோலம் தரையில, கிரீஸ் தண்டுல. எறும்புக்கும் அன்னம் உண்டு, செம்பருத்தியும் பூக்குது.

அசோசியேஷனுக்கு நான் எழுதிக் குடுத்த கோரிக்கை மூணே மூணு. இதைப் படிக்கற உங்க குடியிருப்புக்கும் அதேதான்.

ஒண்ணு, லேபிள் இல்லாத எந்த மருந்தும் காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இல்லாம விக்கறதும், லேபிள் இல்லாம சில்லறையா ஊத்திக் குடுக்கறதும் குற்றம். டப்பாவுல ஒரு சாய்சதுரம் இருக்கும், அதுல கீழ்ப்பாதி சிவப்பா இருந்தா அதிபயங்கர விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சைன்னு குறையும். படிக்கத் தெரியாதவங்களுக்காக வெச்ச நிறம் அது. படிச்ச நாம பார்க்கறதில்லை. மோனோகுரோட்டபாஸைக் காய்கறியில அடிக்கறதுக்கு 2005-லயே தடை. ஆனாலும் 2013-ல் பீகார்ல மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைங்க செத்தது அதே விஷத்தாலதான். பூச்சி மருந்து இருந்த டப்பாவுல சமையல் எண்ணெய் வெச்சிருந்தாங்க. டப்பா மாறினா என்ன ஆகும்ங்கறதுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேணுமா? நம்ம விஷம் தண்ணி பாட்டில்ல இருந்தது. எத்தனை குழந்தைங்க அங்க விளையாடுது!

ரெண்டு, செடிக்கு ஏதாவது வந்தா முதல்ல ஒரு வாரம் பார்க்கறது. எறும்பு ஏறுதா, எதுக்கு ஏறுது, யார் யார் இருக்காங்க. பார்க்கறதுக்குக் காசு கிடையாது.

மூணு, எந்த வேலையையும், கையுறையும் முகமூடியும் இல்லாம வாட்ச்மேன் தலையில கட்டக்கூடாது. "நீயே அடி"ன்னு சொல்லத் தைரியம் இல்லாத வேலையை "அவனை அடிக்கச் சொல்லு"ன்னு சொல்றது என்ன நியாயம்?

மீட்டிங்ல முதல் கோரிக்கை பாஸ் ஆச்சு. ரெண்டாவதுக்குச் சிரிச்சாங்க. மூணாவது "பரிசீலனையில்" இருக்கு. விட மாட்டேன்.

கடைசியா ஒண்ணு. அண்ணன் தேறி வந்ததுக்கப்புறம் ஒருநாள் நான் கிரீஸ் தடவறதைப் பார்த்துட்டு நின்னார். விழுப்புரம் பக்கத்து ஆள். "எங்க ஊர்ல கொய்யா மரத்தடியில அடுப்புச் சாம்பலைக் கொட்டி வெப்போம் சார். எறும்பு ஏறாது, வெள்ளையும் வராது"ன்னார்.

"அண்ணே, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"என்னை யார் சார் கேட்டா? பாட்டிலைக் குடுத்து அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன்."

நாலு டிகிரிக்காரங்க நின்ன இடத்துல பதில் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நாம ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

டிஸ்கி: எங்க குடியிருப்பு எதுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். உங்க குடியிருப்பா இருக்கும்னு தோணிச்சுன்னா, ஒருவேளை அதுவாவும் இருக்கலாம். சாம்பலுக்கு எங்க போறதுன்னு கேக்கறவங்க, இஸ்திரி வண்டி அண்ணன்கிட்ட கேளுங்க, கரிச் சாம்பல் தருவார். ஈரமானா வேலை செய்யாது, அப்பப்ப புதுசா போடணும்.